மூன்று சீல் மாற்றிய பிறகுதான் பைப்பைப் பார்த்தேன்

மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைக்கு நாலு வளவு தள்ளி எங்கள் வீடு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கம்பி துருப்பிடிக்கிறதே என்று வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறவன் நான். அதே சன்னலுக்குக் கீழே, அதே காற்றில் நிற்கும் பைக்கின், பள்ளத்தில் அதிர்வைத் தாங்குகிற முன் சொக் பைப்பைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் எட்டு வருஷமாகத் தோன்றவில்லை. அதற்குள் சொக்கின் ஒயில் வெளியே வராமல் அடைக்கிற ஒயில் சீல் மூன்று, ஒரு சோடி பிரேக் பேட், ஒரு நல்ல காற்சட்டை போய்விட்டன. காற்சட்டைக் கணக்கை வைத்திருப்பது மனைவி.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காலையில் வெளிக்கிட்டால் காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அங்காலும் கிரவல் ரோட்டில் கொஞ்சத் தூரம் போக வேண்டும். 2014 இல் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தத் துறையைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம். பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்துகிற மிதவையை. பாலம் வந்ததும் நேரம் மிச்சமானது. கிரவல் ரோட்டுப் பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் சொக் ஒருமுறை கீழே போய் மேலே வரும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று யார் எண்ணினார்கள்?

முதல் அடையாளம் வலது பக்கப் பைப்பில் ஒரு கறுப்பு வளையம். சொக் அமர்ந்து எழும்பும்போது எதுவரைக்கும் போய்வருகிறதோ அந்த இடத்தில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பூசினது போல ஒரு கோடு. துடைத்தேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த கிழமை வளையத்துக்குக் கீழே, பைப் ஏறி இறங்குகிற அலுமினியக் காலில் ஒரு ஒழுக்கு இறங்கியிருந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பைப்பில் விரலை வைத்துத் தேய்த்தால் மெல்லிய எண்ணெய்ப் பசை படுவது குறையல்ல. சீலின் உதடு வழுக்கிப் போக அந்தப் பசை வேண்டும். வளையம் தடித்து, துளி கட்டி, கீழே வழிகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, சீல் போய்விட்டது, மாற்றினால் முடிந்தது என்று ஒரு கராஜில் விட்டேன். வலது பக்கம் மட்டும் மாற்றினார்கள். ஐந்தாம் கிழமை திரும்ப ஒழுகியது. கராஜில் “சீல் டூப்ளிகேட் சேர், ஒரிஜினல் வாங்கித் தாங்க” என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். அது இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு வேறொரு கராஜ், மூன்றாவது சீல். அங்கே வேலை செய்த தம்பி, “கொஞ்சம் கூட ஒயில் ஊத்தியிருக்கிறன், சொக் நல்லா கட்டியா நிக்கும்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றே கிழமை. முதல் கராஜைத் திட்டினேன், ஸ்பெயார்ஸ் கடையைத் திட்டினேன், கடைசியில் பைக் செய்த நாட்டையே திட்டினேன். பைப்பை மட்டும் பார்க்கவில்லை.

மார்கழி மழை நாளொன்றில்தான் புத்தி வந்தது. பாலத்தை விட்டு இறங்கி மகிழடித்தீவுப் பக்கம் போகிறேன். பட்டி மாடுகள் ரோட்டை மறித்து நிற்கின்றன, வழக்கமான காட்சிதான். முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கைக்குள் வந்தது, பைக் நிற்கவில்லை. ஈரச் சவர்க்காரத்தைப் பிடித்தது போல ஒரு வழுக்கல். பின் பிரேக்கை மிதித்ததில் பின் சில்லு இழுபட்டு, பைக் குறுக்கே திரும்பி, கரையோரச் சேற்றில் போய் நின்றது. ஒரு மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது. குனிந்து பார்த்தால் சொக்கிலிருந்து வழிந்த ஒயில் காலோடு இறங்கி, பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரில் சேர்ந்து, சில்லோடு சுற்றும் டிஸ்க் முழுக்கப் பளபளவென்று பூசியிருக்கிறது. இத்தனை மாதமாக இதைக் காற்சட்டையில் கறை பிடிக்கிற பிரச்சினையாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் சொக் ஒழுகினால் அது பிரேக் பிரச்சினை. கலிப்பர் இருக்கும் பக்கமே ஒழுகினால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். எனக்கு வலது பக்கம் ஒழுகியது, கலிப்பரும் வலது பக்கம்.

பையில் பழைய சொக்ஸ் ஒன்று இருந்தது, மழை நாளுக்கென்று வைத்தது. அதன் நுனியை வெட்டி, சீலுக்குச் சற்றுக் கீழே அலுமினியக் காலைச் சுற்றிக் கட்டினேன். வழிகிற ஒயிலை அது குடித்துக்கொள்ளும், கலிப்பருக்குப் போகாது. டிஸ்க்கைத் துணியால் துடைத்து, பின் பிரேக்கை நம்பி, மெதுவாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். சொக்குக்கு சொக்ஸ் போட்ட கதை அன்று ஆசிரியர் அறையில் நன்றாக ஓடியது.

திரும்பி வரும்போது காத்தான்குடியில் ஒரு சின்னக் கடையில் நிறுத்தினேன். தகரக் கொட்டில், முன்னால் ஒரு பைக்கைக் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் விளம்பரம். அறுபது தாண்டிய ஒரு காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் மூன்று சீல்களின் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு துண்டுப் பஞ்சு எடுத்து வந்தார். பைப்பை ஒரு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பஞ்சை விரல் நுனியில் வைத்து மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தார். ஒன்றுமில்லை. கொஞ்சம் திருப்பி இன்னொரு கோட்டில் இழுத்தார். காலின் வாயை மூடியிருக்கும் டஸ்ட் சீலுக்கு நாலு விரல் மேலே பஞ்சு ஒரு இழை விட்டது. அதே இடத்தில் மறுபடி இழுத்தார், இன்னும் இரண்டு இழை. பைப்பில் மூன்று வெள்ளை மயிர்கள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன.

“பாருங்க சேர். பஞ்சப் பிடிக்கிற இடம் ரபரப் பிடிக்காதா?”

நகத்தால் தடவிப் பார்த்தேன். உப்புக் கல்லின் அளவுகூட இல்லாத மூன்று குழிகள். ஒவ்வொன்றின் ஓரமும் நகத்தைச் சுரண்டியது. குரோமின் மேலே சின்னக் கறுப்புப் புள்ளி, உள்ளே துரு. தூரத்தில் நின்று பார்த்தால் மழைத் துளி காய்ந்த அடையாளம் மாதிரித்தான் இருக்கும். புதுச் சீலின் உதடு அந்தக் கூர் ஓரத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை உரசிப் போய்வருகிறது. ஐந்து கிழமை தாங்கியதே பெரிய காரியம்.

அந்தப் புள்ளிகள் எப்போது வந்தன என்று அன்றிரவு யோசித்தேன். 2022 ஆம் ஆண்டு. பெற்றோல் வரிசையில் ஒரு நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்பிய மாதங்கள். யூலையில் பெற்றோலைப் பங்கிட கியூஆர் முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். நான் பைக்கை வீட்டுப் பக்கச் சுவரோடு சாத்திவிட்டு, ஆரையம்பதியில் இருக்கும் இன்னொரு ஆசிரியரின் பைக்கில் பின்னால் ஏறிப் போனேன். இரண்டு மாதத்துக்கு மேல் அது அசையாமல் நின்றது. ஓடுகிற பைக்கின் பைப்பைச் சீல் தானே துடைத்துத் துடைத்து எண்ணெய்ப் பசையோடு வைத்திருக்கும். நிற்கிற பைக்குக்கு அந்த உபகாரம் இல்லை. உப்புக் காற்று பைப்பில் படிந்து, குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்கே இருக்கிறதோ அதற்குள் போய் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் இரும்பைத் தின்னத் தொடங்கும். அதுவும் டஸ்ட் சீலுக்குச் சற்று மேலே, பிரேக் பிடிக்கும்போது சீல் போய்வருகிற அதே இடத்தில்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். மேலே இருக்கும் குரோம் பைப் கீழே இருக்கும் அலுமினியக் காலுக்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே ஒரு நீள ஸ்பிரிங்கும் ஒயிலும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது ஒயிலின் வேலை, சின்னத் துளைகளுக்குள்ளால் அது பிதுங்கிப் போவதால் வருகிற தடை. அலுமினியக் காலின் வாயில் ஒயில் சீல் இருக்கிறது. வெளியே ரபர், உள்ளே இரும்பு வளையம், உதட்டைப் பைப்போடு அணைத்துப் பிடிக்க மயிர்போல ஒரு சின்ன ஸ்பிரிங் வளையம். சீல் கழன்று வராமல் மேலே ஒரு லொக் கம்பி, அதற்கும் மேலே புழுதி போகாமல் டஸ்ட் சீல். ஒயில் குறைந்தால் முன்பக்கம் பிரேக் பிடிக்கும்போது குப்புறப் போகும், பள்ளம் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை துள்ளும். எனக்கு அது நடந்துகொண்டுதான் இருந்தது. ரோட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சீலை ஊதிக் கெடுத்ததில் அந்தக் “கொஞ்சம் கூட” ஒயிலுக்கும் பங்கு உண்டு. பைப்புக்குள் ஒயிலுக்கு மேலே காற்றுக்கு இடம் இருக்க வேண்டும். ஒயிலை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்கலாம். அந்த இடத்தையும் ஒயிலால் நிரப்பினால், பெரிய பள்ளத்தில் அழுத்தம் முழுக்கச் சீலின் உதட்டில்தான் போய் விழும்.

காக்கா அன்றைக்கே பைக்கைக் கழற்றவில்லை. “எல்லாச் சொக்குக்கும் ஒப்பரேசன் தேவல்ல சேர், மொதல்ல இதப் பாப்பம்” என்று சொல்லி, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்தார். யாருடையதோ முழங்கால். அதில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நுனியில் தூண்டில் போல ஒரு சின்னக் கொளுக்கி வெட்டினார். டஸ்ட் சீலை மட்டையான ஸ்குரூ டிரைவரால் மெல்லக் கிளப்பி மேலே தள்ளிவிட்டு, அந்தப் பிலிம் துண்டைப் பைப்போடு ஒட்டினாற்போல ஒயில் சீலின் உதட்டுக்குள் நுழைத்து, பைப்பைச் சுற்றிக் கொண்டுபோய் இழுத்தார். கறுப்பு மையாக அழுக்கு வந்தது, அதில் இரண்டு மூன்று மணல். இரண்டு தடவை செய்து, துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சொக்கைப் பத்துத் தடவை அமுக்கினார். ஒழுக்கு நிற்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த வேலையைச் சும்மா நினைக்காதீர்கள். உதட்டுக்குள் மணல் மாட்டியதால் மட்டும் ஒழுகுகிற சொக் இதிலேயே நின்றுவிடும். எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியரின் பைக்கை நான் இப்படித்தான் பத்து நிமிஷத்தில் சரிசெய்தேன், இன்று வரைக்கும் ஒழுகவில்லை. எக்ஸ்ரே படம் இல்லையென்றால் சோடாப் போத்தலின் பிளாஸ்டிக்கும் சரிவரும். கத்தி, கம்பி, ஊசி மட்டும் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை போனேன். கூட நின்று வேலை பழகலாமா என்று கேட்டதற்கு, “படிப்பிக்கிற ஆளுக்குப் படிப்பிக்கிறதா?” என்று சிரித்தார். அன்று பார்த்ததையும் பிறகு வீட்டில் நானே இடது பக்கத்தைச் செய்தபோது பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பைக்கின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். காக்கா உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டுவார். நான் வீட்டில் எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து, அதற்குக் கீழே சோடாப் பெட்டி வைத்தேன். பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைக்காமல் தொடங்கினால் பைக் உருண்டு உங்கள் மேலேயே வரும். கலிப்பரைக் கழற்றினால் அதைப் பிரேக் குழாயில் தொங்க விடக்கூடாது, ஒரு கம்பியால் கட்டித் தூக்கி வைக்க வேண்டும். கழற்றிய பிறகு யாரும் பிரேக் லீவரைப் பிடிக்கக் கூடாது. என் சின்ன மகன் பிடித்தான். பிஸ்டன் வெளியே தள்ளிவிட்டது, திரும்ப உள்ளே அமுக்க ஒரு மணித்தியாலம் போனது.

நான் செய்த பெரிய பிழை, மேல் மூடியை முதலில் இளக்காமல் காலைக் கழற்றி எடுத்தது. பைப்பின் தலையில் இருக்கும் அந்த நட்டை, பைப் இன்னும் பைக்கிலேயே இறுகி நிற்கும்போது இளக்க வேண்டும். பைப்பைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்பை மட்டும் தளர்த்தி, கீழ்க் கிளாம்ப் பிடித்திருக்க, ஸ்பானரை வைத்துக் கால் சுற்று. கழற்றிய பிறகு அதைப் பிடிக்க இடமில்லை. வைஸில் வைத்தால் குரோமில் தழும்பு விழும், ஒழுக்கை நிறுத்த வந்து புது ஒழுக்கைச் செய்தது போலாகும். திரும்பப் பைக்கிலேயே மாட்டி இளக்கினேன். முழுக்கக் கழற்றும்போது மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஸ்பிரிங் காத்திருக்கிறது. முகத்தை மேலே வைத்துக்கொண்டு கழற்றக் கூடாது.

வலது காலைக் கவிழ்த்தபோது சாம்பல் கறுப்பில் ஒரு தண்ணி வந்தது. அழுகின மீனின் மணம். காக்கா அதை மில்லிலீற்றர் கோடு போட்ட ஒரு பழைய பால் போத்தலில் ஊற்றிக் காட்டினார். அறுபதைத் தொடவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு காலும் ஒரே பைக்கில் வேறு வேறு வேலை பார்த்திருக்கின்றன.

கீழே, அச்சு போகும் இடத்துக்கு அடியில், ஒரு அலன் போல்ட் இருக்கும். உள்ளே துள்ளலை அடக்கும் டம்பர் தண்டைப் பிடித்திருப்பது அதுதான். அதைத் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றும், போல்ட் கழறாது. காக்காவிடம் காற்றமுக்கத்தில் போல்ட் கழற்றுகிற துவக்கு இருந்தது, ஒரு “டர்ர்” போதுமாயிருந்தது. வீட்டில் நான் ஸ்பிரிங்கையும் மூடியையும் திரும்பப் போட்டு, காலைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி, அண்ணன் மகனை மேலே இருந்து பாரம் கொடுக்கச் சொன்னேன். ஸ்பிரிங்கின் அமுக்கம் தண்டைப் பிடித்துக்கொண்டது, போல்ட் கழன்றது. அந்தப் போல்டுக்குக் கீழே இருக்கும் செப்பு வொஷரைத் தொலைக்காதீர்கள். அதுவும் ஒயிலைத் தடுக்கிற ஒன்றுதான், முடிந்தால் புதிதாகப் போடுங்கள்.

லொக் கம்பியை எடுத்த பிறகு பழைய சீலைக் கிளப்புவதுதான் ஆபத்தான இடம். அலுமினியம் மெது. ஸ்குரூ டிரைவரைச் சும்மா வைத்து நெம்பினால் சீல் உட்காரும் சுவரில் கீறல் விழும், பிறகு எத்தனை புதுச் சீல் போட்டாலும் அதன் வெளிப்பக்கத்தால் ஒயில் வரும். என் வலது காலின் வாயில் ஏற்கெனவே இரண்டு கீறல் இருந்தது. காக்கா என்னைப் பார்த்தார். நான் முந்தின கராஜ்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நைசான வோட்டர் பேப்பரால் கீறலின் மேடுகளை மட்டும் தடவி எடுத்தார். அவர் சீலைக் கிளப்பும்போது வாயில் மடித்த ரயர் டியூப் துண்டை வைத்து அதன்மேல்தான் நெம்புவார்.

இனிப் பைப். மூன்று வழி இருந்தது. புதுப் பைப், கொழும்புக்கு அனுப்பித் திரும்பக் குரோம் பூசுவது, குழியை நிரப்புவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன்பிறகு ஊரில் எல்லோரும் பழைய பைக்கைத்தான் தைத்துத் தைத்து ஓடினார்கள், உதிரிப்பாகத்தின் விலை கேட்டால் தலை சுற்றும். இங்கே விலை எழுதினால் அடுத்த மாதம் அது பொய்யாகிவிடும், அதனால் விடுகிறேன். நிரப்பலாம் என்று முடிவெடுத்தோம். குழிக்குள் இருக்கும் துருவை ஊசி நுனியால் கிளறி எடுத்து, தின்னரால் எண்ணெய் போகத் துடைத்து, இரண்டு டியூப் கலந்து பூசும் பசையைத் தீக்குச்சி நுனியால் குழியில் வைத்தார். ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் சவர அலகால் மேட்டைச் சீவி, 1000, பிறகு 2000 நம்பர் வோட்டர் பேப்பரைத் தண்ணியில் நனைத்துத் தேய்த்தார். தேய்ப்பது பைப்பைச் சுற்றி, குறுக்காக. மேலும் கீழுமாகத் தேய்த்தால் வருகிற நுண்ணிய கோடுகள் ஒயில் ஏறி வர வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போல. கடைசியில் மறுபடி பஞ்சு. இழை விடவில்லை.

புதுச் சீல் இரண்டு பக்கத்துக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது மிச்சமில்லை, இரண்டு தடவை கழற்றுகிற செலவு. சீல் வாங்கும்போது பைக்கின் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய சீலைக் கையோடு கொண்டு போங்கள். அதன் முகத்தில் மூன்று எண் இருக்கும், 31-43-10.3 என்பது போல. உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். ஒரே பெயரில் வேறு வேறு வருஷத்தில் வந்த பைக்குகளுக்கு அளவு மாறலாம்.

பைப்பின் மேல் விளிம்பு கூர். அதன்மேல் சீலை நேரே இறக்கினால் உதடு அங்கேயே அறுபடும், புதுச் சீல் ஒரு கிலோமீற்றர் ஓடாமலே பழசாகிவிடும். ஒரு மெல்லிய பொலித்தீன் பையைத் தலையில் போர்த்தி, ஒயில் தடவி, அதன்மேலால் வழுக்கி இறக்க வேண்டும். சின்ன ஸ்பிரிங் தெரிகிற பக்கம் கீழே, ஒயிலைப் பார்த்து. எண் எழுதிய பக்கம் மேலே. அடித்து உட்கார வைக்க விசேஷ ஆயுதம் இருக்கிறதாம். எங்களுக்கு ஒன்றேகால் இஞ்சி பிவிசி குழாயில் ஒரு முழத் துண்டு போதும், பைப் அதற்குள்ளால் போகும், விளிம்பு சீலின் மேல் நேராக உட்காரும். நடுவில் பழைய சீலை வைத்து, குழாயைச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்ட வேண்டும். முதலில் “டொப் டொப்” என்று மொட்டையாகக் கேட்கும். சீல் அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் “டக்” என்று இறுகும். லொக் கம்பியின் பள்ளம் முழுக்கத் தெரிந்தால்தான் சரி. தெரியாமல் கம்பியை நெருக்கிப் போட்டால் அது ஒருநாள் கழன்று வரும்.

ஒயில், 10 டபிள்யூ என்று தடிப்புக் குறித்த சொக் ஒயில். எஞ்சின் ஒயிலின் மிச்சத்தை ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அது தடித்தது, சொக் மரக்கட்டை மாதிரி நிற்கும். ஒரு காலுக்கு எவ்வளவு என்பதைப் பைக்கின் கையேட்டில் பார்த்து அதே அளவு ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு ஸ்பிரிங்கைப் போடாமல் பைப்பை மெல்ல மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை இழுத்தால் குமிழிகள் வந்து முடியும். இரண்டு காலுக்கும் அதே பால் போத்தல், அதே கோடு.

பூட்டும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கக் கூடாது. சில்லை மாட்டி, அச்சு நட்டை லேசாக வைத்து, பைக்கைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சொக்கை ஏழெட்டுத் தடவை அமுக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அப்போதுதான் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். கோணலாக இறுகினால் பைப் ஒரு பக்கம் உரசும், சீலும் ஒரு பக்கம் தேயும்.

பேட்டைக் காப்பாற்றலாம் என்று வோட்டர் பேப்பரில் தேய்த்து, பெற்றோலில் கழுவி, வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். ஒயில் குடித்த பேட் திரும்ப வராது. சூடேறியதும் உள்ளேயிருந்து ஒயில் வெளியே வந்தது. புதுசு போட்டேன். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்தது போதும்.

நிரப்பிய குழிகள் ஒரு மாரியையும் ஒரு கச்சான் காற்றுக் காலத்தையும் தாண்டின. பதினோராம் மாதம் பஞ்சு மறுபடி ஒரு இழை விட்டது, இம்முறை பசையின் ஓரத்தில். குரோமுக்கு அடியில் துரு ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குள் காசு சேர்ந்திருந்தது, ஒரு சோடி புதுப் பைப் வாங்கினேன். அதனால் நிரப்புவதை நான் நிரந்தர வைத்தியம் என்று சொல்லமாட்டேன். பதினொரு மாத அவகாசம் வாங்கித் தந்தது.

இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாரத்தை மாற்ற முன்னமே ஒரு துணியால் இரண்டு பைப்பையும் துடைக்கிறேன். துணியில் நாலு துளி சொக் ஒயில். அரை நிமிஷ வேலை. மாசி, பங்குனியில் வயல் பக்கமெல்லாம் அறுவடை, உழவு மெஷினின் சில்லிலிருந்து ரோட்டில் விழுகிற களிமண் பைப்பில் தெறித்துக் காய்ந்துவிடும். அதைக் காய்ந்தபடியே விட்டு ஓடினால் சீலுக்கு அரம் போட்டது போல. தண்ணி ஊற்றி ஊறவைத்துத்தான் எடுப்பேன், சுரண்டமாட்டேன். சேர்விஸ் நிலையத்தில் பைக் கழுவக் கொடுத்தால், அமுக்கத் தண்ணியைச் சொக்கின் வாய்க்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்கிறேன். மணலை டஸ்ட் சீலுக்குள்ளே தள்ளி அனுப்புவது அந்தத் தண்ணிதான். மடிப்பு மடிப்பான கறுப்பு ரபர் உறை போடலாமா என்று பலர் கேட்பார்கள். புழுதிக்கு நல்லது. கடற்கரை வீட்டுக்காரர் போட்டால் மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும், உள்ளே வியர்த்து ஈரம் நின்றால் வெளியே நடப்பது உறைக்குள் மறைவாக நடக்கும். விடுமுறைக்குப் பைக்கை நிறுத்தி வைப்பதென்றால் பைப்பில் கிறீஸ் மெல்லிசாகத் தடவிவிட்டு, ஓட எடுக்கும்போது துடைத்துவிட வேண்டும்.

பழைய வலது பைப்பைக் காக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. போன மாதம் செயினுக்கு ஒயில் போட அந்தப் பக்கம் போனபோது, அது தகரக் கொட்டிலின் தூணில் கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஆணியில் ஒரு சுருள் பஞ்சு. கையில் புதுச் சீல் பக்கெற்றோடு ஒரு தம்பி நின்று, போன மாதம்தான் மாற்றினேன், கடைக்காரன் டூப்ளிகேட் தந்துவிட்டான் என்று கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காக்கா பேசாமல் பஞ்சில் ஒரு துண்டு பிய்த்து அவரிடம் நீட்டினார். என்னைக் கண்டதும், “இது இந்தச் சேர்ர பைப்தான்” என்றார்.